வால் பக்கத்து இருக்கை

வாசலில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து என் கணவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். முகம் வண்டியின் வால்பக்கம் பார்த்திருந்தது.

"எறங்குங்க. வண்டி சாஞ்சா பட்டாணியோட நீங்களும் உருளணும்."

அவர் தலை நிமிராமல், "இப்படியே போலாமா?" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். அவள் வீடு பதினெட்டுக் கிலோமீட்டர்தான். 'அப்பா வந்து பாக்குற வரைக்கும் உன் போனையும் எடுக்க மாட்டேம்மா' என்று முந்தின நாள் பட்டென்று வைத்துவிட்டாள்.

போர் முடிந்து ரயிலில் வந்து இறங்கிய மனிதர் அதன்பின் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை, நடக்கிற தூரம். ஊரில் அவரைப் 'பைலட்டு' என்பார்கள். அவர் விமானம் ஓட்டியதே இல்லை. அதன் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், பின்னால் பார்த்து உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தவர். வண்டி என்றாலே பயம் என்றுதான் இருபத்தாறு வருடமாக நினைத்திருந்தேன். பயம் வண்டியிடம் இல்லை, முன்னால் பார்த்துப் போவதில்தான் என்பது பட்டாணிக் கிண்ணம் நிறைவதற்குள் புரிந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தும் நான் கேட்காமல் விட்ட கேள்வி எவ்வளவு சின்னது!

தெருமுனை மெக்கானிக் பின்சீட்டில் கம்பிப் பிடியும் பெல்ட்டும் வைத்துக் கொடுத்தார்.

"பின்னால பாத்துப் போற பைலட்ட இப்பத்தான் சார் பாக்குறேன்."

"ஓட்டப்போறது அவ. நான் பாதுகாப்புப் படை" என்றார் இவர்.

முதுகோடு முதுகு ஒட்டிப் புறப்பட்டோம். கடைத்தெருவே கைகொட்டிச் சிரித்தது. எனக்கு வண்டி பழகி இரண்டு மாதம்தான். பக்கத்துக் கண்ணாடியிலோ அவர் தோள்தான் தெரிந்தது.

"பின்னால லாரி. நூறடி. அவசரக்காரன், ஒதுங்கு." அவர் குரலில் நான் கேட்டிராத ஓர் இளமை. "போயிட்டான். இப்ப ஒரு ஆடு. அது நம்மளத் துரத்தல."

நான் சிரித்ததில் வண்டி ஆடியது.

"ஏய் பைலட்டு! ஒழுங்கா ஓட்டு."

பாலத்தின் மேல் ஏறியபோது, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "அப்பல்லாம் நான் பாத்தது பூரா விட்டுட்டு வந்த எடந்தான். எரிஞ்சுகிட்டிருக்கும்."

என் முதுகில் அவர் மூச்சு ஏறி இறங்கியது. பாலம் முடிந்ததும், "ரெண்டு சைக்கிள், ஆபத்தில்ல" என்றார்.

எங்களைப் பார்த்த மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தாள். பேத்தியை வாங்கியவர் மூன்று மணி நேரம் எங்களில் ஒருவரிடமும் தரவில்லை. பால் குடிக்க மட்டும் மனசில்லாமல் கொடுத்து, கதவுக்கு வெளியே காவல் நின்றார்.

திரும்பும்போது மகள் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். எனக்கோ சாலையைப் பார்த்தாக வேண்டும்.

"நிக்கிறாளாங்க?"

"நிக்கிறா. பாப்பா கையப் புடிச்சு ஆட்டிக் காட்டுறா."

கொஞ்ச தூரம் போனோம். "இன்னும்?"

"இன்னும் நிக்கிறா. மெதுவாப் போயேன்."

வேகத்தைக் குறைத்தேன். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து எங்களைத் தாண்டிப் போனார். சாலை நேராக நீண்டு கிடந்தது. என் முதுகில் அவர் தோள்பட்டை அசைந்தது. பெரிதாக, நிறுத்தாமல், கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.