ஓட்டை போடாத கம்பி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் தோன்றவில்லை, என் ஆள்காட்டி விரலில் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒதீலின் அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். மழை விடுவதாக இல்லை. பக்கத்தில் இருந்த கார் அருங்காட்சியகத்தில் ஒதுங்கினோம். அங்கே ஒரு பழைய பந்தய வண்டி. அதன் பிரேக் மிதியில் வரிசையாக ஓட்டைகள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒன்றில் விரலை விட்டேன். விரல் திரும்பி வரவில்லை.

"முசியே, இந்த வண்டி நூறு வருஷமா யாரையும் கடிச்சதில்ல. உங்களைப் பாத்து என்ன தோணுச்சோ?" என்றார் காவலர். சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். ஒதீல் என்னைத் தெரியாதவள் போல அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலுக்குச் சோப்புப் போட்டபடியே அவர் சொன்னார். அந்தக் காலப் பந்தயத்தில் வண்டியின் எடை ஆயிரம் கிலோவைத் தாண்டக் கூடாது. எஞ்சினைப் பெரிதாக்கிவிட்டு மற்றதையெல்லாம் இளைக்க வைத்தார்கள். மிதி, நெம்புகோல், சட்டம், இருக்கைத் தகடு என்று இரும்பு தென்பட்ட இடமெல்லாம் துளைத்தார்கள். மண்டியிட்டுக் கிடந்த எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. இடப்பக்க இருக்கையின் ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி. தடித்த இரும்பு. அதில் மட்டும் ஒரு ஓட்டைகூட இல்லை.

"இதை ஏன் விட்டுட்டாங்க?"

"தெரியாதுங்க. யாராவது வேணாம்னு சொல்லியிருப்பாங்க."

இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. [அந்த வண்டியைச் செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். நான் எழுதும் 'சர்லாந்த்' என்ற நிறுவனம் உலகத்தில் இல்லை. அந்தப் பந்தயமும் அப்படியே.]

2

முதல் தொடக்கம்: 'சேன் நதிக்கரையில், குர்பெவ்வாவில், சைக்கிள் பட்டறை வைத்திருந்த எத்மோன் சர்லாந்த் தமது முப்பதாவது வயதில்...'

போதும். இது நிறுவனத்தின் ஆண்டு மலர். ஆனாலும் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். சர்லாந்த் இரண்டு விதமான வண்டிகள் செய்தார். ஒன்று சீமான்களுக்கு. கன்றுத்தோல் இருக்கை, வெள்ளிக் கைப்பிடி, உள்ளே பூச்சாடி. இன்னொன்று பந்தயத்துக்கு. அதில் எஞ்சினும் தோல் உறை போட்ட இரண்டு பலகைகளும் மட்டுமே. பந்தயத்தில் ஜெயித்தால்தான் சீமான்கள் வாங்க வருவார்கள். இது தெரிந்தால் சர்லாந்தின் கதை பாதி தெரிந்த மாதிரி.

இரண்டாம் தொடக்கம்: 'மத்தில்த் கொமார் அழுதுகொண்டிருந்தாள்.'

இதைப் படித்துக் காட்டியதும் ஒதீல் சொன்னாள்: "எடுத்த எடுப்புலயே அழ வச்சிட்டியா? பாவம். அன்னைக்குக் காலையில அவ என்ன சாப்பிட்டா, அதைச் சொல்லு முதல்ல."

சரி. மூன்றாம் தொடக்கம். மத்தில்த் கிண்ணத்துக் காப்பியில் ரொட்டியை நனைத்து நின்றபடியே சாப்பிட்டாள். சர்லாந்தின் தையல் அறையில் இருக்கைகளுக்குத் தோல் தைப்பது அவள் வேலை. இரண்டு ஊசி, மெழுகு தடவிய நூல். அவள் தைத்த இருக்கையில் இளவரசர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் புருஷன் ஃபிர்மேன் அதே தொழிற்சாலையில் மெக்கானிக். பந்தயத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், அந்த இடப்பக்க இருக்கையில் உட்காருபவன். ஓட்டுநர் லெயோன்ஸ், பழைய சைக்கிள் வீரன். ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

3

பந்தயத்துக்கு முந்தின நாள். எடை போடும் கொட்டகை. வண்டி மூன்று கிலோ கூடுதலாக இருந்தது.

"இன்னும் எங்கடா ஓட்டை போடறது? என் மண்டையிலயா?" என்றான் ஃபிர்மேன்.

"அங்கதான் ஏற்கெனவே இருக்கே" என்றான் லெயோன்ஸ்.

சர்லாந்த் வண்டியைச் சுற்றி வந்தார். கைப்பிடிக் கம்பிக்கு அருகில் நின்றார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். [முதல் பிரதியில் 'கழற்று!' என்று அவரைக் கத்த வைத்திருந்தேன். அப்படி எழுதினால் பழியை எல்லாம் அவர் தலையில் போட்டுவிட்டு நான் தூங்கப் போய்விடலாம். அடித்துவிட்டேன்.] திருகுச் சாவியை எடுத்தது ஃபிர்மேன்தான்.

"முதலாளி, எப்படியும் ஒரு கை எண்ணெய் பம்புல இருக்கப் போவுது. இந்தக் கம்பி எதுக்கு, அழகுக்கா?"

இருக்கை உறையை மாட்ட வந்த மத்தில்த் தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தாள்.

"இது இங்க கெடந்தா நீ எதைப் பிடிச்சுக்குவே?"

"உன்னை நெனச்சுக்குவேன்."

"என்னை நெனச்சுக்கிட்டிருந்தா கீழதான் விழுவே."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏதோ கோமகனின் வண்டிக்கு வெட்டியதில் மிஞ்சிய கன்றுத்தோலை எடுத்து, அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு வார் தைத்தாள். லெயோன்ஸின் இடுப்பைச் சுற்றி அது. இடது பக்கம் ஒரு வளையம். அந்த வளையத்தை ஃபிர்மேன் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"எடையில வருமே?" என்றார் தராசுக்காரர்.

"வண்டியில இருந்தாத்தான் எடை. ஆள் இடுப்புல இருந்தா அது உடுப்பு" என்றார் சர்லாந்த். சட்டம் அவர் பக்கம் இருந்தது. வண்டி தேறியது.

4

இந்தப் பகுதியைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். மிஞ்சியது இதுதான்.

சாலையில் புழுதி. முன்னே போகிற வண்டி தெரியாது, மரங்களின் உச்சியைப் பார்த்துச் சாலை எங்கே திரும்புகிறது என்று கணித்து ஓட்டுவார்கள். ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் பார்க்க நேரமில்லை. பின்னால் யாராவது முந்த வந்தால் மெக்கானிக் திரும்பிப் பார்த்து அவன் தோளில் தட்டுவான். எஞ்சினுக்கு எண்ணெய் தள்ளும் பம்பை ஃபிர்மேன் இடது கையால் அமுக்கினான். வலது கையால் வளையத்தை

வளையத்தைப் பிடித்திருந்தானா? எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வாக்கியம் நின்றுவிடுகிறது.

ஒரு வளைவு. அடுத்த ஊரின் நிறுத்தத்தில் எல்லா வண்டிகளும் நின்றுதான் போக வேண்டும். லெயோன்ஸ் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எண்ணெய் போதுமாடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினான். இருக்கை காலியாக இருந்தது.

பந்தயத்துக்கு எதிர்த் திசையில் வண்டியை ஓட்டக் கூடாது. லெயோன்ஸ் இறங்கி, வந்த வழியே திரும்பி ஓடினான். பீட்ரூட் வயலின் ஓரத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் மேலங்கி ஃபிர்மேனின் முகத்தை மூடியிருந்தது. அவன் என்ன சொன்னான் என்று லெயோன்ஸ் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள்.

5

ஒதீலுக்கும் எனக்கும் ஒரு ஸ்கூட்டர் உண்டு. பாலத்தில் காற்று அடிக்கும்போது பின்னாலிருந்து என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்வாள். நேற்று அப்படிப் போகும்போது காதருகில் கத்தினாள்:

"இப்ப விட்டேனே, தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது!"

"அப்ப ஆள் விழுந்ததே தெரியாத மாதிரி உன் லெயோன்ஸ் திரும்பிப் பாத்தானே, அது பொய்!"

சிவப்பு விளக்கில் நின்றோம். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு முழு ஆள் வாரைப் பிடித்தபடி விழுந்தால், வார் அறுவதற்கு முன்னால் இடுப்பில் ஒரு இழுப்பு தெரியாமல் இருக்காது.

"பிடிச்சிருந்தாத்தானே இழுக்கும்?" என்றேன். "பிடிக்கவே இல்லைன்னா?"

"கட்டினவ தச்சுக் குடுத்ததை அவன் ஏன் பிடிக்காம இருப்பான்?"

"தன்னோட லெயோன்ஸும் விழுந்துடக் கூடாதுன்னு விட்டிருக்கலாம்."

"இல்லைன்னா வாரே அங்க இல்லாம இருந்திருக்கலாம். வயித்தை அறுக்குதுன்னு உன் லெயோன்ஸ் வழியில கழட்டிப் போட்டிருந்தா?"

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். விளக்கு பச்சையாகி நேரமாகியிருந்தது. ஒதீல் என் பட்டையைப் பிடித்துக்கொண்டாள், வழக்கத்தைவிட இறுக்கமாக.

6

லெயோன்ஸை நான் முழுதாக நம்பவில்லை. அவனுக்கு ஒரு முகம் கொடுக்கக்கூட மனம் வரவில்லை. ஒரு பிரதியில் மீசை வைத்தேன், திருடன் போலத் தெரிந்தான். எடுத்துவிட்டேன், குழந்தை போலத் தெரிந்தான். அவனை வெறுக்க முடிந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும். ஆனால் அவன் ஓடினானே. அந்தப் புழுதியில், எதிரே வருகிற வண்டிகளுக்கு நடுவே ஓடினானே.

நிறுவனத்தின் கதையை எழுதுவது சுலபம். சாவு விழுந்த பிறகும் சீமான்கள் வாங்க வந்தார்கள். போரின்போது சர்லாந்த் விமான எஞ்சின் செய்தார். பிறகு பழையபடி பெரிய, நீளமான, கறுப்பு வண்டிகள். முப்பதுகளில் அவற்றை வாங்க ஆள் இல்லை. கதவை மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு இருக்கிறது. கீழே மருந்துக் கடை. முப்பது வருஷமாக அங்கேதான் எனக்கு மாத்திரை.

எனக்கு விடை தெரியாத ஒன்றே ஒன்று, அந்தக் கம்பி. அருங்காட்சியகத்தில் நான் பார்த்தது ஃபிர்மேன் செத்த பிறகு செய்த வண்டி; அதில் யாரோ கம்பியைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். துளைக்க வந்தவனை யாரோ தடுத்திருக்கிறார்கள். தன் மேல் குற்றம் என்று நினைத்தவர்தான் தடுத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. அது யார்?

7

அடக்கம் முடிந்த மறுநாள் காலை. மத்தில்த் வேலைக்கு வந்துவிட்டாள். மேசையில் அடுத்த பந்தய வண்டிக்கான தோல் விரிந்து கிடக்கிறது. இரண்டு ஊசிகளிலும் நூல் கோத்துவிட்டாள், இன்னும் ஒரு தையல்கூடப் போடவில்லை.

லெயோன்ஸ் கதவருகில் நிற்கிறான். கையில் தொப்பி.

"உக்காரு" என்கிறாள். "சாப்பிட்டியா?"

"பசியில்ல."

"எனக்கும்தான். ஆனா சாப்பிட்டேன்." அவள் தோலை நீவுகிறாள். "அந்த வாரு எங்க?"

"காணோம். சாலை முழுக்கத் தேடிட்டேன்."

[காணோம் என்பது அவன் சொல்வது. அவனுடைய மேலங்கியின் வலது பை கொஞ்சம் புடைத்திருப்பதாக ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். இருக்கட்டுமா, வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.]

"முதலாளி வந்தாரு. விதின்னாரு. ஒரு வேலைக்காரி அழுதா பெரிய மனுஷங்க அப்படித்தான் சொல்வாங்க" என்கிறாள். "உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். எனக்காகப் பாத்துப் பேசாதே. அவனுக்காகவும் வேணாம்."

"கேளு, மத்தில்த்."

"இடுப்புல இழுப்பு தெரிஞ்சுதா?"

லெயோன்ஸ் நிமிர்ந்து பார்க்கிறான்.

'தெரிஞ்சுது' என்றால் அவளுடைய தையல் அறுந்திருக்கிறது. அதோடு, தெரிந்தும் அவன் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறான். 'தெரியல' என்றால் தையல் பிழைத்தது. ஆனால் ஃபிர்மேன் தானாகக் கையை விட்டிருக்கிறான், இல்லையென்றால் பிடிக்கப் போன இடத்தில் வார் இல்லை. இரண்டில் எது என்று அவள் சாகும்வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறாள், தொழிற்சாலைக்கு அப்புறம் வரவே இல்லை. மற்றதில் தைக்க ஆரம்பிக்கிறாள், தலை நிமிராமல், அவன் போன பிறகும். இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டிலுமே அந்த வாரம் யாரோ பட்டறைக்குப் போய், துளைக் கருவிக்கும் கம்பிக்கும் நடுவில் கையை வைத்து, "இதை விட்டுடுங்க" என்கிறார்கள். அந்தக் கை மத்தில்த்துடையதா, லெயோன்ஸுடையதா என்பது மட்டும் மாறுகிறது.

லெயோன்ஸ் வாய் திறக்கிறான். நான் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். அவள் இப்போது அவனைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறாள்.