நான்கடி தள்ளி

எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. வியாகுலம் அதை நகத்தால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது. புதுசு.

அப்படியென்றால் அவர் மனைவி சகாயராணி நேற்று தட்டியிருக்கிறாள்.

மூன்று வருஷமாக அதுதான் ஏற்பாடு. பக்கவாதம் வந்து அவள் குரல் உள்ளே போனபின், ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் சுவரில் தட்டுவாள். கீழே மோட்டார் காயில் கட்டும் கடையில் இருக்கும் அவர் மேலே ஓடுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நேற்று மத்தியானம் பாலக்கோடு முழுக்கக் கரண்ட் இல்லை. கடையில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். மூன்று மணிக்குச் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது அவள் சில்லிட்டுக் கிடந்தாள். டம்ளர் கையிலேயே இருந்தது.

காற்றே வரவில்லை என்று அவள் குழறிச் சொன்னாளே என்று, முந்தாநாள்தான் கட்டிலைப் புது ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டிருந்தார். அதே பின்சுவர். நான்கே அடி. நான்கடிக்குள் ஒரு சத்தம் எங்கே போகும்?

"மாமா, பெட்டி திரும்ப மாட்டேங்குது." படியில் ஏறி வந்த ஜோசப் ராஜ், சகாயராணியின் தம்பி, மூச்சு வாங்கினான். "ரெண்டாவது திருப்பத்துலயே முட்டுது. அக்காவ பெட்ஷீட்ல கட்டி எறக்கி, கீழ வெச்சுப் பெட்டியில போட்டுக்கலாம். ஐஸ் பெட்டியும் மேல வராது. வெயில் வேற ஏறுது."

"மூட்டையாட்டமா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, பிளாஸ்டிக் நாற்காலியில் புடவையால் கட்டித்தான் அவளை இந்தத் திருகுப்படியில் ஏற்றினார்கள். வழியெல்லாம் அழுதாள். மேலே வந்ததும், அந்தக் குழறலோடேயே சொன்னாள்: "ஏறுனதுதான் இப்பிடி. எறங்கறப்ப கால நீட்டிப் படுத்துட்டு ஜம்முனு எறங்குவேன், பாருங்க."

"பின்செவுர ஒடைச்சா, வாய்க்கா ரோடு நம்ம மாடி மட்டத்துக்கே இருக்குதே," என்றான் ஜோசப் ராஜ்.

பெட்டி தூக்க வந்திருந்த பெரியண்ணன் மேஸ்திரி சுவரை உள்ளங்கையால் அறைந்தார். "ரெண்டடிக் கருங்கல்லு தம்பி. இத ஒடைக்கறதுன்னா நாளான்னிக்கு ஆயிடும். அதுக்குள்ள மேக்கூர எறங்கிடும்."

நாலு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. இப்போது பதினொன்று.

வியாகுலம் டம்ளரை ஜோசப் ராஜிடம் நீட்டினார். "நான் கீழ போறேன். மொதல்ல இங்க தட்டு. அப்புறம் கட்டில் முன்ன கெடந்த எடத்துல தட்டு."

"எதுக்கு மாமா?"

"தட்டு."

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் கீழே போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னால், சுவருக்கும் ரோட்டுக் கரைக்கும் நடுவிலிருந்த சந்துப் பக்க ஜன்னல் திறந்தே இருந்தது. காத்திருந்தார். ஒன்றுமில்லை. அவன் தட்டவே இல்லையோ என்று எட்டிக் கேட்டார்.

"தட்டிட்டேன் மாமா! பத்து வாட்டி!"

பிறகு கேட்டது. டொக், டொக். அவர் யோசிக்குமுன் கால்கள் எழுந்துவிட்டன. நான்காவது படியில்தான், தான் யாருக்காக ஓடுகிறோம் என்பது உறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

நின்ற இடத்தில் அவருக்குக் கட்டடம் முழுசாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் இது வெல்ல மண்டி. வெல்லம் ஈரத்தை இழுத்துக் கசியும். அதனால் சரக்கை மாடியில்தான் அடுக்குவார்கள். பின்னால் ஏரி வாய்க்கால். தண்ணீர் தானாக வயலுக்கு இறங்க வேண்டுமென்று அதை மேட்டுக் கரைமேல் கொண்டுபோயிருந்தார்கள். வண்டிகள் நின்றது அந்தக் கரையில். சர்க்கரை ஆலை வந்தது, கரும்பெல்லாம் அங்கே போனது, மண்டி மூடியது. வாய்க்கால் மேல் சிலாப் போட்டு ரோடாக்கினார்கள். கீழ்த்தளத்தைக் கடைகளாகத் தடுத்தபோது அகலமான மரப்படியைப் பிடுங்கிவிட்டு, மூலையில் இந்தத் திருகுப்படியைச் செருகினார்கள். இதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்ததுதான். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது. மாடியில் அடுக்கிய மூட்டையை எவனாவது கீழே இறக்கி, மறுபடி கரைமேல் ஏற்றுவானா?

மேலே வந்து பழைய கட்டில் இருந்த இடத்தைக் காட்டினார். "மேஸ்திரி, இங்க கொத்துங்க."

சகாயராணியின் முகத்தின்மேல் தூசி விழாமல் வெள்ளைத் துணியை இழுத்து மூடினார். நாலு கொத்தில் பூச்சு உதிர்ந்தது. உள்ளே சிவப்பாகச் செங்கல். மேலே, குறுக்கே, கறுத்துப்போன ஒரு மர உத்திரம்.

"அட, கதவு வெச்ச எடங்க இது! ஒத்தச் செங்கல்லு வெச்சு அடைச்சிருக்கான்," என்ற பெரியண்ணன் உற்சாகத்தில் ஃபேனுக்கு அடியிலிருந்த சுவரையும் தட்டிக் காட்டினார். "நல்ல வேளை, நாலடி தள்ளிக் கொத்தல. இது முழுக் கருங்கல்லு. இங்க கத்துனாக்கூட கீழ இருக்கறவனுக்குக் கேக்காது."

"மேஸ்திரி," என்றான் ஜோசப் ராஜ் மெதுவாக.

வியாகுலம் ஜோசப் ராஜின் கையிலிருந்து டம்ளரை வாங்கித் தன் சட்டைத் துணியால் விளிம்பைத் துடைத்தார். சுத்தமாகத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை வழக்கமாக வைக்கும் ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு, மேஸ்திரியின் அளவு டேப்பை எடுத்து உத்திரத்தின்மேல் பிடித்தார்.

"அகலம் நாலேகாலடி," என்றார். "பெட்டி ரெண்டடி. உத்திரம் பாரத்தத் தாங்கிக்கும், அதுக்குக் கீழ செங்கல மட்டும் எடுங்க. சந்து மூணடி, குறுக்க ரெண்டு சாரப் பலகை போட்டா போதும். தரையும் ரோடும் ஒரே மட்டம். பெட்டி சாயாது."