ஏரிக்கு ஒரு வெள்ளோட்டம்

குழந்தை இருக்கையின் பட்டையை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்று தெரியாமல், காரின் பின் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு அவன் போராடிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நடுவுல போடாதடா. ஓரமா போடு. பட்டாணி வெளிய பாத்துக்கிட்டே வந்தா வாந்தி வராது."

பட்டாணி அவனுடைய மகள். நாலு வயது. வண்டி ரெண்டு திருப்பம் திரும்பினால் போதும், சாப்பிட்டதை எல்லாம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அடுத்த மாதம் மலைமேல் இருக்கிற ஏரிக்குக் காரில் போவதாக ஏற்பாடு. விடிவதற்கு முன்னால் கிளம்புவது, குழந்தைக்கு ரெண்டு பிஸ்கட்டுக்கு மேல் கொடுக்காமல் இருப்பது, மாற்று உடுப்பைக் காலடியிலேயே வைத்துக்கொள்வது என்று எல்லாம் அக்கா படுத்துக்கொண்டே போட்ட திட்டம்தான்.

அக்கா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள். வண்டிகளை மைக்கில் அறிவிப்பதும் அவள் வேலைதான். மலைக்குப் போகும் வண்டியில் அவள் ஏற்றிவிடாத ஆள் ஊரில் இல்லை. அவள் மட்டும் ஏறியதில்லை.

அடுத்த மாதத்தைப் பற்றி டாக்டர் வாயே திறக்கவில்லை. இந்த வாரத்தைப் பற்றிக் கேட்டதற்கே இழுத்து இழுத்துத்தான் பேசினார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அக்காதான் சம்பாதித்தாள், படிக்க வைத்தாள், காதலிக்கிறேன் என்று வந்து நின்றபோது பெண்வீட்டாரிடம் போய்ச் சண்டை போட்டுக் கட்டியும் வைத்தாள். அதற்கெல்லாம் நன்றி சொல்ல வாயெடுத்தால் போதும், "அடுப்புல பால் இருக்கு, பாரு" என்று துரத்திவிடுவாள். யாராவது தியாகம் என்று சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்குக் கல்யாணம் பண்ணிக்கப் பிடிக்கல. இவன் கூட இருந்தான். நல்லாத்தான் இருந்தோம்." கடைசிவரைக்கும் நன்றி என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமலே இவளை அனுப்பிவிடுவோமோ என்று அவனுக்கு பயமாக இருந்தது.

கொக்கி ஒருவழியாக மாட்டியது.

"மாட்டிட்டியா? அப்ப ஒரு வெள்ளோட்டம் போய்ட்டு வந்துரலாம். நானும் வரேன்," என்றாள் அக்கா.

"வேணாம் அண்ணி, உடம்பு தாங்காது," என்றாள் அவன் மனைவி.

"இதென்ன புது உடம்பா, பத்திரமா வச்சிக்க? தூக்குடா என்னை."

மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு தலையணைகளை எடுத்து வந்து பின்சீட்டில் அடுக்கினாள். அவன் அக்காவைத் தூக்கி வந்து பட்டாணியின் பக்கத்தில் உட்கார வைத்தான். கனமே இல்லை. அது அவனுக்குத் தாங்கவில்லை.

தெருமுனையில் சலவைக்கடை வந்ததும் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பயணிகள் கவனத்துக்கு. மலையடிவாரம் வந்தாச்சு. டீ குடிக்கிறவங்க குடிச்சிட்டு வரலாம்."

"குடிச்சாச்சு! ரைட், ரைட்!" என்று கத்தினாள் பட்டாணி.

வீடு கட்டுகிற இடத்தில் மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். "முதல் வளைவு. இந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். யாரும் எட்டிப் பாக்கக் கூடாது." பட்டாணி உடனே எட்டிப் பார்த்தாள். குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த இடத்தில், "அருவி! குளிக்க நேரமில்ல. கைய மட்டும் நனைச்சுக்கோங்க." பட்டாணி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து நனைத்துக்கொண்டாள். முன்சீட்டில் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் நடுவில் அக்கா மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம் நீண்டுகொண்டே போனது. பட்டாணி தூங்கிப்போனாள். ஷூ இறுக்குமே என்று அக்கா அதைக் கழற்றிவிட்டு, அந்தக் காலைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, வாந்தி வரல. ஓரம்தான் சரி."

"திரும்பிரலாமாக்கா?"

"ஏரி இன்னும் வரலையேடா."

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கிய பெரிய மைதானம் ஒன்று உண்டு. அவன் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினான். நேர் ரோடு. எதிரே வண்டி இல்லை. முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"அக்கா."

"ம்."

"ரொம்ப நன்றிக்கா."

பால் பொங்குகிறது என்பாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"எதுக்குடா?"

"எல்லாத்துக்கும்."



"சரி, வாங்கிக்கிட்டேன்," என்றாள் அக்கா. "எனக்கும் உன்னால ஒரு குறையும் இல்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கொடுக்க முடியாமல் வைத்திருந்ததை அவள் கைநீட்டி வாங்கிக்கொண்டுவிட்டாள். ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். கண் கலங்கியதால் மெதுவாக ஓட்டினான்.

மைதானம் வந்தது. தண்ணீர் முழுக்க வெயில் மின்னியது. நடுவில் நாலைந்து வெள்ளைப் பறவைகள் நின்றன. அவள் சொல்லட்டும் என்று அவன் வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். பின்னாலிருந்து எந்த அறிவிப்பும் வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். அக்காவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண் இமைக்காமல் திறந்திருந்தது. மனைவி அதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டு அவன் தோளில் கை வைத்திருந்தாள்.

குலுங்காமல் ஓரம் கட்டி நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் குழந்தை எழுந்துவிடும்.

அக்காவின் கைக்குள் இருந்த சின்னக் காலை எடுத்துவிடலாம் என்று மனைவி கையை நீட்டினாள். அக்காவின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கட்டும் என்பதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.