பத்து எழுத்துக்கு இடம் இருந்தது

இன்பம் என்கிற இன்பசேகரனுக்குத் தன் மூளை மேல் கொஞ்சம் மோகம் அதிகம். ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்த ஷூ கம்பெனிக்கு 1996இல் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். முந்நூறு பெண்களில் யார் அந்த வாரம் தையலில் உட்காருவது, யார் பேஸ்டிங்கில் நிற்பது என்று லிஸ்ட் போடும் புரோகிராமை ஃபாக்ஸ்புரோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவனே எழுதினான். சனிக்கிழமைதோறும் அந்த லிஸ்ட்டைக் கேட்டில் ஒட்டுவார்கள். பெண்கள் அவனைக் கம்ப்யூட்டர் சார் என்றார்கள். அவனும் அதைக் கேட்டுக் கேட்டுப் பூரித்துப் போனான்.

பேஸ்டிங் என்றால் சொல்யூஷன் தடவித் தோலோடு தோலை ஒட்டுகிற வேலை. அந்த நெடி மூச்சுத் தொல்லை இருப்பவர்களுக்கு ஆகாது. செல்லம்மாளும் வேறு இருவரும் டாக்டர் சீட்டு கொண்டுவந்தார்கள். மேனேஜர் ஷபீ அஹமது அதை இன்பத்திடம் நீட்டி, “இவங்கள பேஸ்டிங் பக்கமே போடாத” என்றார். இன்பம் பத்தே நிமிடத்தில் முடித்தான். மூன்று பேருக்கும் ‘கியூ ஏழு’ என்று ஒரு குறி வைத்தான். கியூ ஏழு இருந்தால் பேஸ்டிங்கைத் தாண்டிப் போ என்ற வரியை, சாப்பாட்டு நேரக் கணக்குக்கு நடுவில் கை போன இடத்தில் செருகினான்.

உதவிக்கு வந்த ஹெப்சி ஒருநாள் கேட்டாள். “இன்னா சார் இது, எக்ஸ், ஒய், கியூ ஏழுன்னு? பாத்தா ஒண்ணும் புரியல.”

“எனக்குப் புரியுதில்ல, போதும்.”

பிறருக்குப் புரியாததில் அவனுக்கு ஒரு சுகம். தான் இல்லாவிட்டால் கம்பெனி படுத்துவிடும் என்று நினைத்துக்கொள்வான்.

1999இல் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஆபீஸ் ரூமில் கேக் வெட்டி அனுப்பினார்கள். ஹெப்சியிடம் ஃபிளாப்பிகளைக் கொடுத்தான். கியூ ஏழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவில்லை, மறந்துவிட்டான். அதுதான் இன்னும் மோசம்.

இரண்டாயிரம் பிறந்தால் தேதியெல்லாம் குழம்பும் என்று ஊரே பயந்த நேரம் அது. தேதியைச் சரிசெய்ய உட்கார்ந்த ஹெப்சி, சாப்பாட்டு நேரத்துக்கு நடுவில் சம்பந்தமில்லாமல் கிடந்த அந்த வரியைப் பார்த்தாள். ஷபீ அஹமது ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பெங்களூருக்கு இரண்டு முறை போன் போட்டாள். “அப்புறம் பேசறேன்” என்ற இன்பம் பேசவே இல்லை. ஏதோ பழைய குப்பை என்று அவள் அதை எடுத்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தவனிடம், சர்ச் வாசலில் அவளே சொன்னாள். பேஸ்டிங் லிஸ்ட்டில் பெயரைப் பார்த்ததும் மற்ற இருவரும் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு மாறிக்கொண்டார்கள். செல்லம்மாள் மட்டும் போய் நின்றாள். நான்காவது வாரம் அங்கேயே விழுந்தாள்.

“ஒழுங்கா ஒரு பேரு வெச்சிருந்தா எடுத்திருப்பேனா சார்?” என்று ஹெப்சி அழுதாள்.

ஃபாக்ஸ்புரோவில் ஒரு பெயருக்குப் பத்து எழுத்து வரை இடம் உண்டு. ‘நோ பேஸ்டிங்’ என்பதை நடுவில் ஒரு கோடு போட்டு இங்கிலீஷில் எழுதினால் சரியாகப் பத்து. அவன் கியூ, ஏழு என்று இரண்டோடு நிறுத்தியிருந்தான்.

அன்று மதியமே செல்லம்மாள் வீட்டுக்குப் போனான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இனி எந்த வேலைக்கும் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“வேலைய விட்டுப் போனப்ப நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்க்கா. தப்பு என்னுதுதான்.”

“நீங்க போய்ட்டீங்களா சார்? எனக்குத் தெரியாதே.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “போய்க் கேளுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் போவல. மூணு வருசமா என்னை அந்தப் பக்கமே போடாத மனுசன், இப்ப போட்டிருக்காருன்னா... இன்னாவோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்.” மறுபடி மூச்சு வாங்கினாள். “இன்னா காரணம் சார்?”

“ஒரு காரணமும் இல்லக்கா.”

செல்லம்மாள் நம்பவில்லை.

“இருக்கும் சார்” என்றாள்.