சுமைதாங்கி போட்ட வேடம்

விடுதியில் எனக்குச் சுமைதாங்கி என்று பட்டப்பெயர். காதல் தோல்வி, அரியர், அப்பாவோடு சண்டை, எதுவானாலும் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். சுமைதாங்கிக்கும் வலிக்குமா என்று ஒரு கழுதையும் கேட்டதில்லை.

கல்லூரி ஆலோசனை அறைக்கு மாணவத் தொண்டர்கள் வேண்டும் என்றபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். சேவை மனப்பான்மை எல்லாம் ஒன்றும் இல்லை. தொண்டராகப் போனால் அந்த அறைக்குள் நுழைவதை யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். உள்ளே போய்விட்டால் என்றைக்காவது என் கதையையும் சொல்லிவிடலாம் என்று நப்பாசை. பயிற்சி முடியப்போகிறது, இன்னும் சொல்லவில்லை. சுமைதாங்கியே சரிந்துவிட்டது என்று விடுதி முழுக்கச் சிரிக்குமே என்ற பயம்.

அன்று நடித்துப் பழகும் பயிற்சி. ஒருவர் உதவி கேட்டு வரும் மாணவராக நடிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆலோசகர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"பரீட்சை பயம்னு வச்சுக்கோம்மா. மனசுல தோணறதப் பேசு."

எதிரில் வந்து உட்கார்ந்தவன் என் வகுப்பு ரேடியோ. ஓயாத வாய், அதனால் அந்தப் பெயர். இவன்தானே, பேச விடவே மாட்டான் என்று தைரியமாக ஆரம்பித்தேன்.

"படிச்சதெல்லாம் மறந்துடுது" என்றேன். அதுவரைதான் நடிப்பு. அதற்குப் பிறகு வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"கிளாஸ் வாசல்ல கால் வச்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. தூக்கமே இல்ல. பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழறேன், சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல. அம்மா போன் பண்ணா உடனே எடுக்க மாட்டேன். 'நல்லா இருக்கேம்மா'ன்னு ஒரு தடவ சொல்லிப் பாத்து, குரல் சரியா வந்தாதான் எடுப்பேன்."

ரேடியோ வாயே திறக்கவில்லை. சொல்லிக்கொடுத்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடம் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

"அடேயப்பா, என்னமா நடிச்ச! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றவர், ரேடியோவிடம் திரும்பி, "நீதாம்ப்பா கோட்டை விட்டுட்ட. ஒரு கேள்வியாவது கேக்க வேணாமா?" என்றார்.

நானும் சிரித்து ஒரு கும்பிடு போட்டேன். நெஞ்சுக்குள் பகீரென்றது. கைதட்டல் வாங்கிய வசனத்தை இனி நிஜம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? பயிற்சி முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன். அங்கே நிற்கவே முடியவில்லை.

மாடிப்படியில் ரேடியோ மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"நீ நடிக்கல" என்றான். "குழாய் விஷயமெல்லாம் சும்மா யாருக்கும் தோணாது. அதான் எனக்குப் பேச்சே வரல."

போடா, வேற வேலை இல்லையா உனக்கு என்று சொல்லத்தான் நினைத்தேன். குரல் சரியாக வரவில்லை.

"வா, மேடம் இன்னும் கிளம்பல" என்றான்.

மேடம் விளக்கை அணைக்கக் கையைத் தூக்கியிருந்தார். "என்னம்மா, எதையாவது மறந்து வச்சுட்டியா?"

"மேடம், அது நடிப்பில்ல."

தூக்கிய கை அப்படியே நின்றது. "அய்யோ, நான் கையத் தட்டினேனே" என்று முணுமுணுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

ரேடியோ கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றான்.

பேச்சுக்கு நடுவே அம்மாவின் போன் வந்தது. பழக்க தோஷம், உதடு தானாக அசைந்தது. இந்தத் தடவை வேண்டாம். சொல்லிப் பார்க்காமலே எடுத்தேன்.

"என்னடி, முதல் ரிங்லயே எடுத்துட்ட?" அம்மாவின் குரல் பதறியது. "என்னாச்சு?"

"நல்லா இல்லம்மா" என்றேன்.