மணலோடையில் ஒரு நிமிடம்

என் மனைவி சண்முகவடிவு ரயிலில் இருக்கிறாள். தங்கை மகள் சடங்குக்குப் போனவள் திரும்பி வந்துகொண்டிருந்தபோது எங்கள் ஊர் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் அவள் இறங்கவில்லை. ரயில் கடைசி ஊர் வரை போய்த் திரும்பி வருகிறது. மறுபடியும் போகிறது. அவளும் போகிறாள்.

வேறு ஊரில் இறங்கியிருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவள் டிக்கெட்டில் மணலோடை என்று இருக்கிறது. மணலோடையில் இறங்காதவர் வேறெங்கும் இறங்க முடியாது என்று டிக்கெட் பரிசோதகர் சொல்லிவிட்டார். வடிவு அதை மீற மாட்டாள். கோயில் வரிசையில்கூட யாரையும் முந்தாதவள் அவள்.

நான் ஏறிப் பார்த்தேன். ஜங்ஷனுக்குப் போய் அதே ரயிலைப் பிடித்து, பெட்டி பெட்டியாக நடந்தேன். நான் ஒரு பெட்டி தாண்டினால் ரயிலில் ஒரு பெட்டி கூடியது. வழியில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"என் சம்சாரம் முன்னால இருக்கா. அவளப் பாக்கப் போறேன்."

"நானும் அதுக்குத்தான் நடந்தேன்," என்றார் அவர். "கொஞ்சம் உக்காருங்க."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. அடுத்த ஊரில் இறங்கிவிட்டேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் நின்றேன். ரயில் நிற்காமல் போகும். ஜன்னலில் வடிவு வருவாள். ஒன்றிரண்டு சொல் சொல்ல நேரம் இருக்கும். மிச்சத்தை மறுநாள் சொல்வாள்.

"மாடிக் கதவ," என்றாள் ஒரு நாள்.

இரவெல்லாம் மாடிக் கதவைப் பற்றி யோசித்தேன்.

"சாத்துனீங்களா," என்றாள் மறுநாள்.

"சாத்திட்டேன்," என்று கத்தினேன். அதற்குள் வேறு யாரோ ஒருவர் ஜன்னலில் இருந்தார். அவர் தலையாட்டினார்.

இப்படித்தான் குடும்பம் நடத்தினோம். சண்டையும் போட்டோம். ஒரு தடவை நான் சவரம் செய்யாமல் வந்து நின்றதற்கு அவள் கோபித்துக்கொண்டு, பல நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனாள். அவளுக்குத் தலை நரைத்ததை நான் அந்த ஜன்னலில்தான் பார்த்தேன். காதோரத்தில் தொடங்கியது. பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியதை இப்படி ஓடுகிற வண்டியில் பார்க்கிறேனே என்று எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

தேர்தல் வந்தது. ஊரில் என்னைத்தான் நிற்கச் சொன்னார்கள். எப்போது தேடினாலும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்றார்கள். அது உண்மைதான். ஒரு கட்சி சீட்டும் கொடுத்தது. நான் ஜெயித்தேன். ரயில் அமைச்சரிடம் நேருக்கு நேர் கேட்கலாம் என்பதற்காகவே ஜெயித்தேன்.

அவைக்குப் பஸ்ஸில் போனேன். ரயில்தான் எங்கள் ஊரில் நிற்காதே.

அவை நீளமாக இருந்தது. இந்த முனையில் உறுப்பினர்கள். அந்த முனையில் அமைச்சர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி முடித்ததும் அமைச்சர்களின் வரிசை கொஞ்சம் பின்னால் போகும். மதியத்துக்குள் அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார்கள். காகிதங்களைக் காவலர்கள் சைக்கிளில் கொண்டுபோனார்கள்.

என் பக்கத்து இருக்கை இசக்கியப்பன் அண்ணாச்சிக்கு. பக்கத்துத் தொகுதிக்காரர். ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கேட்டு, வந்த நாளிலிருந்து கேள்வி போட்டுக்கொண்டிருந்தார். பரிசீலனையில் உள்ளது என்ற பதில் வந்துகொண்டே இருந்ததில் இடுப்பு வரை பாலத் தூணாகிவிட்டார். நல்ல கான்கிரீட். தோளில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. உறுப்பினர்கள் அதில் துண்டைத் தொங்கவிட்டார்கள்.

"வலிக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மழையில நனஞ்சா கம்பி துருப்பிடிக்கி. மத்தபடி ஒண்ணுமில்ல வே."

எங்கள் அவையில் கேள்விக்கு முன்னால் நன்றி சொல்ல வேண்டும். அப்படி ஒரு விதி கிடையாது. வழக்கம். பேச வாய்ப்புக் கொடுத்த அவைத் தலைவருக்கு, வாய்ப்பு வாங்கிக் கொடுத்த கொறடாவுக்கு, என்னை ஆளாக்கிய தலைவருக்கு, தலைவரை ஆளாக்கிய தலைவருக்கு, ஓட்டுப்போட்ட மக்களுக்கு, பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் அமைச்சருக்கு. ஒவ்வொரு பெயருக்கும் மேசையைத் தட்டுவார்கள். தட்டி ஓயும் வரை காத்திருக்க வேண்டும்.

முதல் தடவை எழுந்தேன். கொறடாவைத் தாண்டித் தலைவருக்கு வந்திருந்தேன். மணி அடித்தது.

"உறுப்பினர் அமருங்கள்," என்றார் அவைத் தலைவர்.

"நான் இன்னும் கேக்கலைங்க."

"நல்லா பேசினீங்க. அமருங்கள்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாகப் போனது.

அடுத்தடுத்த கூட்டங்களிலும் இதே கதைதான். எனக்கு நன்றி சொல்ல நன்றாக வந்தது. புதிதாக வந்த உறுப்பினர்கள் என்னிடம் கற்றுக்கொண்டார்கள். எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் தட்டலுக்காக நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஊருக்குத் திரும்பினால் வடிவு ஜன்னலில் வந்தாள்.

"கேட்டீங்களா," என்றாள்.

கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையை மட்டும் அசைத்தேன்.

எழுத்தில் கேட்டால் நன்றி தேவையில்லை என்று இசக்கியப்பன் சொன்னார். கேட்டேன். மணலோடையில் ரயில் நிற்க ஆவன செய்ய அரசு முன்வருமா? பதில் சைக்கிளில் வந்தது.

அ) மணலோடை என்று ஓர் ஊர் இருப்பது அரசுக்குத் தெரியும்.

ஆ) அங்கே யாரும் இறங்குவதில்லை. ரயில் நிற்காததால் இறங்குவதில்லை. யாரும் இறங்காத இடத்தில் ரயில் நிற்க வேண்டியதில்லை.

இ) இக்கேள்வி எழவில்லை.

இ என்னவென்று பார்த்தேன். என் மனைவி எப்போது வீட்டுக்கு வருவாள் என்று கேட்டிருந்தேன்.

அன்று இசக்கியப்பன் நெஞ்சு வரை தூணாகிவிட்டார். மூச்சு விடும்போது மணல் உதிர்ந்தது.

"நான் சொல்லுதத கேளும்," என்றார். "நன்றிய விட்டுட்டுக் கேளும். நேரா கேட்டுப்புடும்."

"வழக்கமில்லையே அண்ணாச்சி."

"என்னையப் பாரும். நான் வழக்கப்படிதான் கேட்டேன்."

மறுநாள் காலையில் அவையில் முதல் ஆளாக எழுந்தேன். அமைச்சர்களின் வரிசை அப்போது பக்கத்தில்தான் இருந்தது. ரயில் அமைச்சர் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பது மீசையில் தெரிந்தது.

"என் சம்சாரம் ரயில்ல இருக்கா," என்றேன். "இறக்கி விடுங்க."

மேசையைத் தட்டப் போன கைகள் அப்படியே நின்றன.

"உறுப்பினர் குறிப்பிடுவது பயணியையா, சரக்கையா?" என்று கேட்டார் அமைச்சர்.

"பயணியத்தாங்க."

"இவ்வளவு நாள் இறங்காம இருந்தா சரக்குன்னு எடுத்துக்குவோம்."

"அவ பேரு சண்முகவடிவு. ஊறுகாய் பாட்டில மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. எனக்காகத் தங்கச்சி வீட்டுலருந்து வாங்கிட்டு வர்றா. நாரத்தங்கா."

அமைச்சர் யோசித்தார். அவருடைய அதிகாரிகள் அவர் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் அவர்களைக் கையால் விலக்கினார்.

"நாரத்தங்காயா?"

"ஆமாங்க."

"எங்க வீட்டுலயும் போடுவாங்க," என்றார். அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சோதனை அடிப்படையில் மணலோடையில் ஒரு நிமிட நிறுத்தம் வழங்கப்படும்."

அவை மேசையைத் தட்டியது. கட்டிடம் அதிர்ந்தது. இசக்கியப்பனால் தட்ட முடியவில்லை, கை இறுகிவிட்டது. அவர் கண்ணிலிருந்து துரு நிறத்தில் நீர் வடிந்தது. எனக்கும் அழுகை வந்தது. உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"உறுப்பினர் நன்றி சொல்லாமல் கேட்டிருக்கிறார்," என்றார் அவைத் தலைவர். "நன்றி நிலுவையில் இருக்கிறது. நிறுத்தத்தின் தொடக்க விழாவில் சொல்லிக்கொள்ளலாம்."

ஒரே ஒரு நன்றி சொல்லிவிட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஊருக்குப் போய் வீட்டை வெள்ளையடித்தேன். மாடிக் கதவைத் திறந்து வைத்தேன். கட்டிலில் அவள் பக்கத்து விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டேன். சாயங்காலம் அவள் ஜன்னலில் வந்தபோது, "வியாழக்கிழமை நிக்கும், இறங்கிரு," என்று கத்தினேன். அவளுக்கு அது முழுதாகக் கேட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வியாழக்கிழமை பிளாட்பாரத்தில் பந்தல் போட்டார்கள். வாழை மரம் கட்டினார்கள். அமைச்சர் வந்தார். கட்சிக்காரர்கள் வந்தார்கள். எஞ்சினுக்குப் போட ஆளுயர மாலை வந்தது. நான் சவரம் செய்து, அவளுக்குப் பிடித்த நீலக் கரை வேட்டி கட்டியிருந்தேன்.

ரயில் வந்தது. நின்றது. எங்கள் ஊரில் ரயில் நிற்கும்போது எப்படிச் சத்தம் வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கதவில் வடிவு நின்றாள். ஒரு கையில் பை, ஒரு கையில் பாட்டில். நரைத்த தலையைப் படிய வாரிப் பூ வைத்திருந்தாள். ரயிலுக்குள் யாரோ கொடுத்திருக்க வேண்டும். எனக்கும் அவளுக்கும் நடுவில் அமைச்சர் நின்றார். ஓர் எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

வடிவு, இறங்கு. அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன்.

"என்னை ஆளாக்கிய," என்றேன்.

அது என் குரல்தான். ஒலிபெருக்கியில் தெருக்கோடி வரை கேட்டது. நிறுத்தப் பார்த்தேன். வாய் போய்க்கொண்டே இருந்தது. தலைவருக்கு, தலைவரை ஆளாக்கிய தலைவருக்கு, அவைத் தலைவருக்கு, கொறடாவுக்கு. ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டினார்கள். தட்டி ஓயும் வரை நான் காத்திருந்தேன். எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டுமோ அங்கே உயர்த்தினேன்.

வடிவு படியில் கால் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். நான் பேசிக்கொண்டிருந்தேன் அல்லவா. ஒருவர் மேடையில் பேசும்போது குறுக்கே போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பையைக் கீழே வைத்தாள். நான் மக்களுக்கு நன்றி சொன்னபோது அவளும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள்.

அமைச்சர் எனக்குச் சால்வை போர்த்தினார். கையில் பச்சைக் கொடியைக் கொடுத்தார். என் கையைப் பிடித்து உயர்த்தினார். கொடி அசைந்தது. கொடி அசைந்தால் ரயில் புறப்படும். அதுதான் விதி.

"வடிவு," என்றேன். மைக்கை அதற்குள் வாங்கிவிட்டார்கள்.

ரயில் நகர்ந்தது. அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. எனக்கு அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நல்லா," என்றாள்.

அதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

அமைச்சர் தன் கழுத்து மாலையில் இருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து முகர்ந்துகொண்டிருந்தார். அதிகாரி ஒருவர் வந்து அவர் காதில் சொன்னார்.

"யாரும் இறங்கலையாமே," என்றார் அமைச்சர் என்னிடம்.

"இறங்கலைங்க."

"சோதனை அடிப்படையிலதான் கொடுத்தது."

"ஆமாங்க."

"வருத்தமா இருக்கு," என்றார் அவர். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தார். காரில் ஏறும்போது என் தோளைத் தொட்டார். கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். சிமென்ட் ஒட்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் நான் பிளாட்பாரத்தில் நின்றேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழை மரத்தை ஒரு மாடு தின்றது. கால் கனமாக இருந்தது. குனிந்து பார்க்கவில்லை.

ரயில் வந்தது. நிற்கவில்லை. வடிவு ஜன்னலில் வந்தாள். தலையில் நேற்றுப் பூ வாடிக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பேசுனீங்க," என்றாள்.

"நன்றி," என்றேன். கடைசிப் பெட்டி போய்விட்டது.