ஆமைக்குள் அழைப்பு

அறுபத்து நாலில் பம்பாய் செம்பூர் ஸ்டுடியோ ஒன்றில் ரோமாபுரிச் சண்டைப் படம் எடுத்தார்கள். படைவீரர்களாக நிற்க தாராவியிலிருந்து எங்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். தோல் கவசத்தை மாட்டிவிட்டு, ரோமானியன் எப்படி நிற்பான் என்று சொல்லிக்கொடுக்க ஒரு கவாத்து மாஸ்டர் வேறு. நிற்பதற்குக்கூட வாத்தியார், என்னத்தைச் சொல்ல.

ஆமை வியூகம் என்று ஒன்று. முன்வரிசைக்காரன் கேடயத்தை நெஞ்சுக்கு நேரே பிடிப்பான். பின்னால் நிற்பவன் தன் கேடயத்தை முன்னவன் தலைக்கு மேல் கூரையாகப் பிடிப்பான். கோட்டை மேலிருந்து எதிரி கல்லெறிந்தாலும் உள்ளே படாது. "உன் தலையைப் பார்க்காதே, முன்னால் நிற்பவன் தலையைப் பார்" என்று மாஸ்டர் இந்தியில் கத்திக்கொண்டே இருந்தார்.

என்னோடு லாரியில் வந்த பிச்சை முன்வரிசை, எனக்குப் பக்கத்தில். அவன் தலைக்குக் கேடயம் பிடிக்க வாய்த்தவன், பாருங்கள், அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாயின் அண்ணன் சுயம்பு. இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது பிச்சை நேரில் போய் அழைக்காமல் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். தாய்மாமனுக்கு அது பொறுக்குமா? இப்போது வெள்ளிக்கிழமை காதுகுத்து. "எங்கண்ணன் மடியில வச்சுத்தான் குத்தணும். இல்லன்னா எம் பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்" என்று ஆறுமுகத்தாய் சொல்லிவிட்டாள். இவனோ அழைக்கக் கூச்சப்பட்டு நாளைக் கடத்திக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

காமிரா ஓடியது. கேடயங்கள் மூடிக்கொண்டன. உள்ளே இருட்டு, வியர்வை நாற்றம். கல்லுக்குப் பதிலாக எறிந்த மண்கட்டிகள் மேலே விழுந்து உடைந்தன. சுயம்புவின் கேடயம் அசையவில்லை.

"மச்சான்" என்றான் பிச்சை, முன்னால் பார்த்தபடியே. "வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து. நீரு வரணும்."



"யாருகிட்டவே சொல்லுதீரு? கோட்டைச் சுவருகிட்டயா?" என்றான் சுயம்பு.

"படம் ஓடுது மச்சான்."

"அப்ப படத்தையே கூப்பிட்டுக்கிடும்."

பிச்சை கேடயத்தைக் கீழே போட்டான். முழுசாகத் திரும்பி, மச்சான் முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பினான்.

வரிசை கலைந்தது. ஒருவன் என் மேல் சரிந்தான், அவன் மேல் இன்னொருவன். என் வாய் நிறைய மண். அந்த இரண்டு பேரையும் வெளியே துரத்தச் சொல்லி டைரக்டர் கூச்சல் போட்டார். கோட்டை மேலிருந்தவர்களுக்கு அது காதில் விழவில்லை போலிருக்கிறது, எறிந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் அவரவர் தலையை மூடிக்கொண்டு ஓடினோம். சுயம்பு மட்டும் நின்ற இடத்திலேயே பிச்சை தலைக்கு மேல் கேடயத்தைப் பிடித்திருந்தான்.

"எத்தன மணிக்கு, மாப்ள?" என்று கேட்டான்.